பணத்தைக் கட்டிவிட்டுப் பேசுங்கள்!

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு கசாப்புக் கடைக்காரர். பெயர் ஃபௌலர். அவரிடம் வேலை பார்த்த பையன் பிரீஸ்ட்லி. 1835-ல் ஒரு நாள், வண்டி நிறைய இறைச்சியோடு கிளம்பினான் பையன். பாரம் ரொம்ப அதிகம். வழியில் வண்டி முறிந்தது. கூடவே பையனின் தொடை எலும்பும்!

வழக்குப் போட்டார்கள். ஜூரிகள் பையன் பக்கம் நின்றார்கள். நூறு பவுண்டு நஷ்ட ஈடு. அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். முதலாளி சும்மா இருப்பாரா? மேலே போனார். 1837-ல் லண்டனில் நீதிபதி அபிஞ்சர் பிரபு தீர்ப்புச் சொன்னார்...

நூறு பவுண்டும் ரத்து!

அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். இன்றைக்கு வண்டி முறிந்ததற்குப் பணம் கொடுத்தால், நாளைக்கு இன்னொருத்தன் வருவான். 'வீட்டு வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்துவிட்டாள், எஜமானரே பணம் கொடு' என்பான். இதற்கு ஒரு முடிவே இருக்காது. தவிர, பாரம் அதிகம் என்று பையனுக்கும் தெரியும்தானே? பயமாக இருந்தால் 'போகமாட்டேன்' என்று சொல்லியிருக்கலாமே!

சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா என்பதை மட்டும் நீதிபதி சொல்லவில்லை.

'சரி, எங்கேயோ முறிஞ்ச வண்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நாஞ்சில் நாட்டில் பனையிலிருந்து விழுகிற ஆளுக்கும், கடலுக்குப் போய்த் திரும்பாத ஆளுக்கும் அந்த வண்டியோடு சம்பந்தம் உண்டு. வேலையில் அடிபட்டவர் பணம் கேட்கும்போது 'எவ்வளவு?' என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்விகள் வேறே. யார் நிரூபிக்கணும்? எந்த ஊருக்குப் போய்க் கேட்கணும்? மேல்முறையீடு முடிகிற வரைக்கும் பணம் யார் கையில் இருக்கும்? 

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முதலாளிகள் கையில் மூன்று கேடயங்கள் வந்து சேர்ந்தன. 'உன்கூட வேலை பார்த்தவன் செய்த தப்பு அது, என்னைக் கேட்காதே.' இது முதல் கேடயம். 'நீயும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.' இது இரண்டாவது. 'ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே வந்தாய்?' இது மூன்றாவது. மூன்றையும் தாண்டி ஒரு கூலித் தொழிலாளி ஜெயிப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

இந்தக் கேடயங்களை உடைத்தவர் யார் தெரியுமா? தொழிற்சங்கத் தலைவர் யாருமில்லை. ஜெர்மனியின் இரும்பு மனிதர் பிஸ்மார்க்! ஏழைகள் மேல் பொங்கி வழிந்த அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை இழுத்துப் பிடிக்க ஏதாவது செய்தாக வேண்டும். 1884-ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தப்பு யாருடையது என்ற கேள்வியே வேண்டாம். முதலாளிகள் சேர்ந்து நிதி கட்ட வேண்டும். அடிபட்டவருக்கு அதிலிருந்து பணம் போகும். தகராறு வந்தால் விசாரிக்கும் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதியும் இருப்பார், தொழிலாளர்களின் பிரதிநிதியும் இருப்பார்.

பக்கத்து ஆஸ்திரியாவும் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அதற்காக பிராக் நகரத்தில் இருந்த காப்பீட்டு நிறுவனத்தில் 1908-ல் ஒரு ஒல்லியான இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஆபத்து அதிகமுள்ள ஆலை அதிகம் கட்ட வேண்டும் என்பது விதி. 'எங்கள் ஆலையை எப்படி ஆபத்தான பட்டியலில் சேர்க்கலாம்?' என்று முதலாளிகள் முறையீடு அனுப்புவார்கள். அதற்குப் பதில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. மர இழைப்பு இயந்திரங்களில் விரல்கள் எப்படித் துண்டாகின்றன என்று படம் போட்டு அறிக்கை எழுதினார். அவர் பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா! முடிவே இல்லாத ஒரு வழக்கைப் பற்றி 'விசாரணை' என்று நாவல் எழுதியவர், பகலில் முறையீட்டு ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்.

அமெரிக்காவில் கதை இன்னும் கொடுமை. நியூயார்க் மாநிலம் 1910-ல் ஒரு நஷ்ட ஈட்டுச் சட்டம் போட்டது. 1911 மார்ச் 24-ம் தேதி அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 'செல்லாது' என்று தூக்கி எறிந்தது. தப்பே செய்யாத முதலாளியிடமிருந்து பணத்தைப் பிடுங்குவது முறையான சட்ட நடைமுறை ஆகாதாம்!

மறுநாள், மார்ச் 25. அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. வெளியே போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள். 'முறையான நடைமுறை' என்ற வார்த்தை யாருக்காக என்று ஊரே கேட்டது. அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டு மறுபடியும் சட்டம் போட்டார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1923 மார்ச் மாதம் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை 1 முதல் அமல். பின்னால் பலமுறை திருத்தப்பட்டது. அதன் இரண்டாம் அட்டவணையில் யாரெல்லாம் தொழிலாளி என்று ஒரு நீளமான பட்டியல். அதைப் படித்துக்கொண்டே போனால் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். பனை மரம் சீவுகிறவர் அதில் இருக்கிறார்! ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரும் இருக்கிறார். ஆனால் வெகுகாலம் வரைக்கும் அந்தத் தோட்டத்தில் 25 பேராவது வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

முதலாளி தப்புச் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். மூன்று கேடயங்களும் போயின. ஆனால் இந்தச் சட்டத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அங்கே இல்லை. யாரும் சீண்டாத, சின்னச் சின்ன நடைமுறைப் பிரிவுகளில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒருவர் வேலையில் இறந்துவிட்டார். முதலாளி நல்லவர் மாதிரி வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டிருக்கும் மனைவி கையில் கொஞ்சம் ரூபாயைத் திணித்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போகிறார். செல்லுமா? செல்லாது! இறப்புக்கான நஷ்ட ஈட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரே கொடுத்தது நஷ்ட ஈட்டுக் கணக்கில் சேராது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

'அதெல்லாம் வேண்டாம், நாங்க பேசி முடிச்சுக்கிட்டோம்' என்று இரண்டு பேரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தால்? அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். தொகை ரொம்பக் குறைவு, அல்லது மிரட்டி ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்தால் ஆணையர் பதிவு செய்ய மறுக்கலாம். 'எனக்கு நஷ்ட ஈடே வேண்டாம்' என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. வந்த பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்யவும் முடியாது.

முதலாளிக்கும் நியாயம் உண்டு. பணம் தர ஒரு மாதத்துக்கு மேல் தாமதம் செய்தால் வட்டி, நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். ஆனால் அபராதம் போடுவதற்கு முன்னால் 'ஏன் தாமதம்?' என்று முதலாளியைக் கேட்டாக வேண்டும். பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் தண்டிக்கக் கூடாது. 1995-ல் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பிரிவு முப்பது. ஆணையரின் தீர்ப்புப் பிடிக்கவில்லையா? உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் சும்மா 'சாட்சி சரியில்லை' என்றெல்லாம் போக முடியாது. சட்டம் சம்பந்தமான கனமான கேள்வி ஒன்று இருக்க வேண்டும். அதோடு, மேல்முறையீடு செய்கிற முதலாளி முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டி, 'கட்டிவிட்டார்' என்ற சான்றிதழை மனுவோடு வைக்க வேண்டும்.

அதாவது, 'பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்!'

இதன் அருமை என்ன? சாதாரண சிவில் வழக்கில், இழுத்தடிப்பது பணம் வைத்திருப்பவருக்கு லாபம். வழக்கு நடக்கிறவரை பணம் அவரிடமே இருக்கும். எதிராளி சோர்ந்துபோய் பாதிக்குப் பாதி வாங்கிக்கொண்டு போய்விடுவார். இங்கே பணம் முதலிலேயே கையைவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் எதற்கு இழுத்தடிக்கணும்? ஆனால் ஒரு ஓட்டையும் உண்டு. மேல்முறையீடு முடிகிறவரை அந்தப் பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்க வழி இருந்தது. பணம் பத்திரமாக இருக்கும். ஆனால் அடுப்பில் உலை வைக்க அது உதவாது.

இதெல்லாம் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். அன்றைய நாஞ்சில் நாடோ திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டமாக சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காகப் போராடி உயிர்விட்டவர்கள் உண்டு. அந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு குட்டி வரலாற்றைப் பாருங்கள்.

திருவிதாங்கூர் காலத்தில் உயர் நீதிமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அது எர்ணாகுளத்துக்குப் போனது. 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் சென்னைக்கு. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர்! மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தது 2004 ஜூலை 24-ம் தேதி. ஆக, நாற்பத்தெட்டு வருடம் நாஞ்சில் நாட்டுத் தொழிலாளிக்கு மேல்முறையீடு என்றால் சென்னை.

கம்பெனிக்கு என்ன? சென்னையில் ஒரு வக்கீலுக்கு ஃபோன் போட்டால் முடிந்தது. விளவங்கோட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவரின் மனைவிக்கு? ஒரு வாய்தாவுக்கு ரயில் செலவு, தங்கல் செலவு, அண்டி ஆபீஸில் போகிற கூலி. சட்டப் புத்தகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பிரிவுதான். டிக்கெட் விலையில்தான் நீதி மாறுகிறது.

தூரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. குமரி மாவட்டத்துக்காரர்கள் ஊரிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் இல்லை. கொத்தனார்கள் கேரளத்துக்குப் போவார்கள். தூத்தூர் மீனவர்கள் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போவார்கள். வெளியூரில் விபத்து நடந்தால், நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றிருந்தது. 1995 திருத்தம் இதை மாற்றியது. தொழிலாளியோ அவரை நம்பி இருப்பவர்களோ வசிக்கிற ஊரிலேயே மனுப் போடலாம். 2007-ல் ஒரு தோட்டக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்காகத்தான் இந்தத் திருத்தம், அதன் பலனைப் பறிக்காதீர்கள் என்பது அதன் சாரம்.

அடுத்தது, யார் நிரூபிப்பது என்ற கேள்வி. இதற்கு இரண்டு தண்ணீர்க் கதைகள்.

முதல் கதை குஜராத் கடற்கரையில். உப்பளத் தொழிலாளர்கள் ஒரு கழியைப் படகில் தாண்டி வீட்டுக்கும் வேலைக்கும் போவார்கள். 1952-ல் அந்தப் படகு கவிழ்ந்தது. மோசமான வானிலை, அளவுக்கு மீறிய ஆட்கள். சிலர் மூழ்கி இறந்தார்கள். படகு பொதுப் படகு, கம்பெனிப் படகு இல்லை. வேலைக்குள் அவர்கள் இன்னும் வரவில்லை, அல்லது வேலையை விட்டு வெளியேறிவிட்டார்கள் என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நஷ்ட ஈடு இல்லை. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தையும், பக்கத்தில் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை குஜராத்தில் நடந்ததாகவே தோன்றாது. 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். உப்பளத்துக்கு உழைக்கப் போகிறவரின் பாதை எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது?

இரண்டாவது கதை 'துவாரகா' கப்பலில். 1961 டிசம்பர் 16. பாரசீக வளைகுடாவில் போய்க்கொண்டிருந்தது கப்பல். நெஞ்சுவலி, தூக்கமில்லை என்று மருத்துவரிடம் சொல்லியிருந்த ஒரு கப்பல் தொழிலாளி, அதிகாலை மூன்று மணிக்குச் சக தொழிலாளியிடம் 'படுக்கப் போறேன்' என்றார். ஆறேகால் மணிக்கு ஆளைக் காணோம். உடல் கிடைக்கவே இல்லை. குடும்பம் நஷ்ட ஈடு கேட்டது. ஆணையர் மறுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 1969-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி மறுத்தது. வேலையால்தான் இறந்தார் என்பதற்கு ஆதாரமில்லை!

கப்பலின் குறிப்பேடு யாரிடம்? கம்பெனியிடம். சாட்சிகள் யார்? கம்பெனி ஊழியர்கள். நிரூபிக்க வேண்டியவர்? கரையில் இருக்கும் குடும்பம். நேரடிச் சாட்சி இல்லாவிட்டால் சூழ்நிலையை வைத்து நியாயமாக ஊகிக்கலாம் என்று நீதிமன்றமே சொன்னது. ஆனால் ஊகிப்பதற்கும் கையில் ஏதாவது வேண்டுமே!

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். குமரி மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதே கேள்வி வந்து நின்றது. உடல் இல்லை. ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள் மக்கள். பிற்பாடு தமிழக அரசு, ஏழு வருடம் காத்திருக்காமல், காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது நிவாரணம். நஷ்ட ஈட்டுச் சட்டப்படி உரிமையாகக் கேட்டு வாங்கியது அல்ல. அரசு மனசு வைத்ததால் வந்தது. மீனவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த மீனில் பங்கு. அப்படியானால் முதலாளி யார், தொழிலாளி யார் என்றே வாதம் தொடங்கிவிடும்.

பனையேறியின் நிலைமையும் இதேதான். ஒரு நாள் அக்கானி மரக்காரருக்கு, மறுநாள் அக்கானி ஏறுகிறவருக்கு என்ற பங்கு முறை அங்கே உண்டு. கூலி எங்கே இருக்கிறது அதில்? சட்டத்தின் அட்டவணையில் அவர் தொழில் இருக்கிறது. ஆனால் விழுந்த பிறகு 'இவர்தான் என் முதலாளி' என்று கைகாட்ட ஆள் இல்லை. நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து உதவித்தொகை உண்டு. அது உதவி.

முதலாளி யார் என்று தெளிவாகத் தெரிந்த இடத்தில் அந்தப் பழைய சட்டம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு தச்சரின் வழக்கைச் சொல்ல வேண்டும். 1968-ல் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்தபோது கீழே விழுந்தார். இடது கை போயிற்று. ஒரு கைதானே போச்சு, பாதி ஊனம்தானே என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். 'ஆணையர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் நான் கொடுக்கணும்' என்று முதலாளி சொல்ல முடியாது. அடிபட்ட நாளிலிருந்தே கடன்! 9,800 ரூபாயோடு வட்டியும் அபராதமும் சேர்ந்தது.

சட்டத்தின் பெயர் 2009 திருத்தத்தில் 'ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்' என்று மாறியது. மூன்று மாதத்துக்குள் ஆணையர் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நடைமுறை எப்படி? மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, 2003 ஏப்ரலில், அதிகாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். 2009-ல் ஆணையர் 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார். 2011-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைக்குப் போகிற வழி வேலை ஆகாது என்ற அதே பழைய உப்பளத்துக் காரணம்! 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. பயணத்துக்கும் வேலைக்கும் நேரத்தாலும் இடத்தாலும் தொடர்பு இருந்தால் வழியும் வேலைதான் என்றது. ஜெயித்தார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து.

2025 நவம்பர் 21-ம் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. 1923-ம் வருடச் சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நடக்கும் விபத்தும் அதில் எழுத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1952-ல் கவிழ்ந்த படகுக்கு எழுபத்து மூன்று வருடம் கழித்து ஒரு பதில்.

ஆகவே, அடுத்த முறை 'தொழிலாளர்களுக்கு நஷ்ட ஈடு உயர்வு' என்று செய்தி படித்தால், தொகையோடு நின்றுவிடாதீர்கள். மனுப் போடுகிற ஊர் எவ்வளவு தூரம், காகிதம் யார் கையில், மேல்முறையீடு நடக்கும்போது பணம் எங்கே என்று பாருங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள். முதலாளியே இல்லாத பனையேறி யாரிடம் 'பணத்தைக் கட்டிவிட்டுப் பேசுங்கள்' என்று சொல்வார்?